யார் வீட்டு நாற்றம்

"ஷிஹாரா! இன்னைக்கு உங்கட கக்கூஸ் குழிய அள்ளல்லையெண்டா நான் நேரா சுகாதாரப் பிஎச்ஐட்டப் போவன், சொல்லிட்டன்!"

மதிலோரம் கதிரையைப் போட்டு ஏறி நின்று ஸும்ரா போட்ட சத்தம், மதுரங்குளிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

"பவுசருக்குச் சொல்லியாச்சு மாமி. ஜும்ஆ முடிய வரும்," என்றாள் அடுத்த வீட்டு ஷிஹாரா. "உம்மா இத்தாவுல ஈக்காங்க. கொஞ்சம் மெதுவாக் கதைங்க."

ஷிஹாராவின் வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம். அவள் உம்மா சாரா உம்மா நாலு மாதம் பத்து நாள் வெளியே தலைகாட்டக் கூடாது. அதற்காக நாற்றத்தைச் சகிக்க முடியுமா? அதுவும் மகள் ஸம்ஹாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில்!

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. இதுவும் கைநழுவினால் ஸும்ராவுக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஒரு கிழமையாக வீடு முழுக்கக் கக்கூஸ் வாடை. பினைல் ஊற்றினாள், சாம்பிராணி போட்டாள். வாடை அசையவே இல்லை.

"மன்னார்ல இருந்து வந்து முப்பது வருசத்துக்கு மேல. இன்னும் ஒரு குழிய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல்ல!" தெருவில் போனவர் வந்தவரிடமெல்லாம் இதே கதை.

ஜும்ஆ முடிய, குழியை உறிஞ்சி அள்ளும் பவுசர் வண்டி வந்தது. கூடவே பைப் வேலை பார்க்கும் இன்னாசிப்பிள்ளை பாஸும் வந்தார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கூடிவிட்டது.

"நான் சொன்னாப் போல ஈக்கா இல்லையா?" என்று ஸும்ரா எல்லோரையும் கேட்டாள்.

பவுசர் போனது. உள்ளே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாடை அப்படியே!

"பாஸ், கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க!"

குழி மூடிக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். குசினிப் பக்கம் போகவில்லை, கக்கூஸையும் பார்க்கவில்லை. நேரே கடைசி அறை வாசலில் போய் நின்றார்.

"இந்த ரூம் கதவுத் திறப்பத் தாங்க ராத்தா."

"அது மாப்புளைக்குக் கட்டின ரூம் பாஸ். பாத்ரூம் உள்ளுக்கே ஈக்கி. வேல முடிஞ்சு மூணு மாசம், ஒரு ஆளையும் கால் வெக்க உடல்ல. புதுசு கலையாம ஈக்கணும்தானே?"

கதவைத் திறந்தார். குப்பென்று அடித்தது. ஸும்ரா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைக்குக் கீழ வளைஞ்ச பைப் இருக்கு. அதுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் குழி வாடைக்கு மூடி. நீங்க பாவிக்காம வெச்சு அத காய விட்டுட்டீங்க."

ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் ஊற்றினார். காயாமல் இருக்க மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விட்டார். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு கால் மணித்தியாலம் போனது. குசினியில் வதங்கும் வெங்காயம் மணத்தது.

"யா அல்லாஹ், எண்ட மானம் தப்பிச்சு!"

சந்தோசம் தாங்கவில்லை ஸும்ராவுக்கு. உடனே ஏதோ உறைத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"பாஸ், இத வெளிய சொல்லிடாதீங்க. மாப்புள ஊட்டாக்கள்ட காதுல உழுந்தா பேச்சே முறிஞ்சு போகும். அந்த ஊட்டுக் குழிதான் நாறின எண்டே இருக்கட்டும். ஊரே பாத்ததுதானே?"

இன்னாசிப்பிள்ளை வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"பயப்படாதீங்க. சாரா உம்மாவும் அதத்தான் சொன்னவ."

"ஆரு... சாரா உம்மாவா?"

"ஓம். அவங்கட குழியத் திறந்தா கால்வாசியும் நிரம்பல்ல. வாடை உங்கட இந்த ரூம் பக்கத்தாலதான் வருதெண்டு அப்பவே சொன்னன். திரைக்குப் பின்னால இருந்து அவ சொன்னது இதுதான்: 'சத்தம் போடாதீங்க பாஸ், சனம் நிக்கிது. பவுசர் அள்ளிட்டே போகட்டும். அங்க புள்ளயப் பாக்க ஆக்கள் வாறாங்க, இந்த இத்தா ஊட்டுக்கு ஆரு வரப் போறா? நாத்தம் எங்கட பேர்லயே இருக்கட்டும்.'"