கட்டு வீசுகிறவன்

காத்தமுத்து கீழே நின்று வைக்கோல் கட்டை வீசுவான். போரின் உச்சியில் நிற்கும் அவன் மச்சான் பக்கிரி அதை மார்போடு வாங்கி அடுக்குவான். அந்தக் கை பின்னால் போகும்போதே இந்தக் கைகள் விரிந்துவிடும். குரல் கொடுத்துக்கொண்டதே கிடையாது.

அறுப்பு முடிந்த அன்று, பட்டணத்துச் சிநேகிதர்களுக்கு வேடிக்கை காட்ட, பண்ணை வீட்டுச் சின்னவர் இருவர் கைகளிலும் குத்துச்சண்டை உறையை மாட்டிவிட்டார்.

"ஜெயிக்கிறவனுக்குக் கிடா. சும்மா தடவிக்கிட்டு நின்னீங்க, ரெண்டு பேருக்கும் நாளையிலேருந்து வேலை இல்ல."

"லேசா ஒண்ணு போடு மச்சான், விழுந்துடுறேன்" என்று பக்கிரி கிசுகிசுத்தான்.

லேசாகப் போடக் காத்தமுத்துவுக்கு எங்கே தெரியும்? தெரிந்தது ஒரே வீச்சு. கை தோளுக்குப் பின்னால் போய்ச் சுழன்று வந்தது. கண் தெரிந்த எவனும் ஒதுங்கிக்கொள்ளக்கூடிய அடிதான். பக்கிரி ஒதுங்கவில்லை. வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

கிடாயைச் சிநேகிதர்கள் தின்றார்கள். ஜெயித்தவன் வீட்டுக்குக் கொம்போடு தலை வந்தது.

அடுத்த அறுப்புக்கு, பார்வை போன இடது கண்ணோடு பக்கிரி போர்மேல் ஏறினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காத்தமுத்து கட்டை எடுத்துக் கையைப் பின்னால் கொண்டுபோனான். பக்கிரி சட்டென்று முகத்தை மூடிக்கொண்டான். கட்டு அவன்மேல் மோதி உருண்டு கீழே விழுந்தது.

"ஒழுங்காப் பிடிக்க மாட்டியாடா?" என்று சின்னவர் வரப்பிலிருந்து கத்தினார்.

காத்தமுத்து அண்ணாந்து பார்த்து, முதல்முறையாகக் குரல் கொடுத்தான்.

"வைக்கல்தான் மச்சான்."

பக்கிரி கையை எடுக்கவில்லை.