சர்வர்மேல் விழுந்த பழி

“தலையைத் தொங்கப் போடாதடா. சவரிநாதன் மகன் மாதிரி நிமிந்து உக்காரு!”

அப்பா காதோரம் உறுமினார். ஜோஸ் நிமிர்ந்தான். கீரனூரில் பெண் வீட்டுக் கூடம் சொந்தக்காரர்களால் நிறைந்திருந்தது.

காதல் கல்யாணம் என்ற பேச்சே தங்கள் குடும்பத்தில் கிடையாது என்பதில் சவரிநாதனுக்கு அத்தனை பெருமை. ஜோஸோ ஜாஸ்பினை இரண்டு வருஷமாகக் காதலிக்கிறான். அவன் சென்னையில், அவள் பெங்களூரில்; இருவருக்கும் ஒரே டேட்டாபேஸில் வேலை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோது, தரகர் சந்தியாகு அவள் போட்டோவையே கொண்டுவந்து நீட்டினார். ஆவூர் மாதாவின் கருணை! இன்றைக்கு மட்டும் முன்பின் தெரியாதவர்களாக நடித்துவிட்டால் போதும். குட்டு வெளிப்பட்டால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஜாஸ்பின் காபித் தட்டோடு வந்தாள். ஜோஸ் யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். அவளும் அப்படியே பார்த்தாள்.

“தம்பிக்கு ஆபீஸ்ல என்ன வேலைங்க?” என்றார் பெண்ணின் தாய்மாமன்.

“டேட்டாபேஸ் எழுதுறேன் மாமா. சி லாங்குவேஜ்ல.”

“கஷ்டமான வேலையோ?”

வேலையைப் பற்றிக் கேட்டால் ஜோஸுக்கு ஊர் உலகம் மறந்துவிடும்.

“தமிழ்ப் பேரு வந்தாத்தான் மாமா கஷ்டம். கம்ப்யூட்டர் எழுத்தை எல்லாம் நம்பராத்தான் வச்சுக்கும். இங்கிலீஷ் எழுத்துன்னா சின்ன நம்பர், வம்பில்ல. தமிழ்னா பெரிய நம்பர். அதை என் லேப்டாப் மைனஸா எடுத்துக்கும், ஆபீஸ்ல இருக்குற பெரிய மெஷின், அதான் சர்வர், பிளஸ்ஸா எடுத்துக்கும். வரிசையே மாறிப்போகும். ‘நிலவழகன்’னு தேடுனா லேப்டாப்ல ஆள் இருக்காரு. சர்வர்ல ஆளையே காணோம்!”

“அடப்பாவமே! அப்புறம்?”

“நான் எழுதுன கோடுல தப்பில்ல மாமா. சர்வர்தான் சரியில்ல.”

காபித் தட்டு டீப்பாயில் ணங்கென்று இறங்கியது.

“சர்வரை ஏன் குத்தம் சொல்றீங்க?” என்றாள் ஜாஸ்பின். “மெஷினுக்கு மெஷின் மாறத்தான் செய்யும். மைனஸ் வேணாம்னு நீங்கதான் கோடுலயே எழுதணும். எத்தனை தடவை சொல்லியாச்சு!”

ஜாஸ்பின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எத்தனை தடவையா?” தாய்மாமனின் புருவம் ஏறியது. “இன்னைக்குத்தானே பாப்பா தம்பியப் பாக்குற?”

சவரிநாதன் தொண்டையைச் செருமினார்.

“கம்ப்யூட்டர் படிச்சதுக பூராம் இப்படித்தாங்க, பாத்த நிமிசமே சண்டை! எங்க வீட்டுக்கு கேபிள் மாட்ட வந்த பையனோட இவன் மல்லுக்கட்டுனத நீங்க பாக்கணுமே!”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் மட்டும் விறைப்பாகவே இருந்தது.

“தரகர் காட்டாத பொண்ண எங்க வம்சத்துல எவனும் ஏறிட்டுப் பாத்ததில்லைங்க. இவன் மட்டும் பாத்துருவானா? நாளைக் குறிங்க.”

பிழைத்தோம் என்று மூச்சு விட்டான் ஜோஸ்.

திரும்பும் வழியில் அப்பா டீ குடிக்க இறங்கினார். அவர் காரில் விட்டுப்போன போன் அடித்தது. ஜோஸ் எடுத்துக் காதில் வைப்பதற்குள் தரகரின் குரல் முந்திக்கொண்டது.

“அய்யா, சந்தியாகு பேசுறேன். நீங்க சொன்னாப்புல, தம்பி விரும்புற புள்ளய நானாத் தேடிப் புடிச்சதாத்தான் இன்ன வரைக்கும் சாதிச்சுக்கிட்டு இருக்கேன். சந்தோசத்துல நீங்க தம்பிக்கிட்ட ஒளறிப்புடாதீங்க!”