மாதுளைக்கு ஏற்ற உரம்

எங்கள் பால்கனி மாதுளைத் தொட்டி பேசும். தனக்கு என்ன உரம் வேண்டும் என்று அதுவே சொல்லும், அதுவே கடையிலிருந்து வரவழைத்தும் கொள்ளும். காயெல்லாம் வெடித்துக் கொட்டவே, என் மனைவி வேதவல்லி அதனிடம் காரணம் கேட்டாள்.

"சுண்ணாம்புச் சத்து போதவில்லை. எலும்புத்தூள் போட வேண்டும்" என்றது தொட்டி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இந்த மனுஷன் எருவுக்குக்கூட ஆக மாட்டாரு" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

தொட்டி சற்று யோசித்தது. "ஆவார். காலமெல்லாம் சுண்ணாம்பு தின்ற எலும்பு. அரவைக்கு ஆள் வரச் சொல்லிவிட்டேன்."

நான் சிரித்தேன். வேதவல்லி சிரிக்கவில்லை. "பழம் பெருசா வருமா?" என்று அதைக் கேட்டாள்.

"வரும்."

"என்ன வேதா, விளையாட்டுக்குத்தானே கேக்குறே?"

"ஆமா, சும்மா கேட்டு வச்சேன். நீங்க போய்க் குளிங்க."

தலையில் தண்ணீர் ஊற்றும்போது வாசல் மணி அடித்தது. "அரைக்க வேண்டியது எங்கம்மா?" என்றது ஓர் ஆண் குரல்.

"கொஞ்சம் உக்காருங்க. குளிச்சிட்டு வந்திடட்டும்" என்றாள் வேதவல்லி.

நான் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறேன்.