மதுரைக்காரர்கள் கேட்ட எடை

செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை எடுத்து மேசையில் போட்டு, செல்போனையும் கொண்டை கிளிப்பையும் அதன்மேல் வைத்தாள். பிறகு இலக்கியா மறுபடியும் தராசில் ஏறினாள். எண்பத்தொன்றரைக் கிலோ. முந்தின நாளைவிட ஒரு கிலோ கூட.

உள்ளே இழுத்து வைத்திருந்த மூச்சும் எடையில் சேருமோ என்னவோ என்று அதையும் வெளியே விட்டுப் பார்த்தாள். எண் அசையவில்லை.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுவதுதான் அவள் வேலை. காலை ஒன்பது மணிக்கு மேல் மல்லிகையும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதற்கு முன்னால் பூத் தராசில் அவள் ஏறி இறங்குவது கடையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தராசில் ஏதோ கோளாறு என்றாள். மூட்டை தூக்கும் ஐயனார் படிக்கல்லைத் தூக்கி வைத்துக் காட்டினார். தராசு சரியாகத்தான் இருந்தது.

“மழையில நனைஞ்ச பூவுக்கு ஈரம்னு கழிக்கிறோம்ல, அதே மாதிரி எனக்கும் ரெண்டு கிலோ கழிச்சுப் போடுங்கண்ணே,” என்றாள் இலக்கியா.

ஐயனார் சிரித்தார். மதுரைக்காரர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று விசாரித்தார். பொருத்தமெல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சேருகிறது, எடை மட்டும் எழுபத்தெட்டுக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்கிறார்கள் என்றாள். பெண்ணைக் கிலோக் கணக்கில் பார்க்கிற இடம் நமக்கு எதற்கு என்று ஐயனார் முகத்தைச் சுளித்தார். இலக்கியா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றினாள். வீட்டு விஷயத்தைக் கடையில் பேசுவது அப்பாவுக்குப் பிடிக்காது.

ஆரம்பத்தில் எடை சரசரவென்று இறங்கத்தான் செய்தது. தொளதொளத்த சுடிதார்களையெல்லாம் பெருமையாகத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவை வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரமே எடை நின்றுவிட்டது. ரெண்டு நாள் இறங்கினால் மூன்றாம் நாள் ஏறியது. அறந்தாங்கி சாலையில் விடியுமுன் நடந்து பார்த்தாள். சோற்றை நிறுத்திவிட்டுக் கொள்ளுக் கஞ்சிக்கு மாறினாள். பூவை மோந்து பார்த்தாலே தனக்குச் சதை போடுகிறது என்று கடையில் தானே சொல்லிச் சிரித்தாள்.

மதுரையில் அவளிடம் பரிவாகப் பேசுகிறவள் ஃபெமினா அக்கா ஒருத்திதான். உப்புக் கூடினால் உடம்பில் தண்ணீர் தங்கும், அது ஒரு நாளில் ஏறி மறுநாளே இறங்கும் என்று போனில் சொல்வாள். உடம்பு சிறுத்துவிட்டால் கொஞ்சம் சாப்பாடே போதும் என்று பழகிக்கொள்ளும், அதனால் இனி மெதுவாகத்தான் குறையும். தினமும் ஏறிப் பார்த்து மருகாமல் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பாள். இலக்கியா சரி சரி என்று கேட்டுக்கொள்வாள். மறுநாளே போய்த் தராசில் ஏறுவாள்.

அவளைப் படுத்தி வைத்ததில் பாதி அவள் நாக்கு, மீதி அவள் அப்பா நாகராசு. அம்மா போனதிலிருந்து அடுப்படி அவர் கையில்தான். வாரம் ரெண்டு தடவை அவர் புதுக்கோட்டைக்குப் போய்வருவார். அந்த நாட்களில், நிற்க முடியாத களைப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் பரோட்டாவும் மசாலா மணக்கும் முட்டை மாஸும் பொட்டலமாகக் கையில் இருக்கும். தான் தொட மாட்டார். அவளுக்கு மட்டும்.

வேண்டாம் என்றுதான் இலக்கியா ஆரம்பிப்பாள். பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரே ஒரு வாய் என்று உட்கார்ந்து, கடைசியில் இலையையும் வழித்துவிட்டு எழுந்திருப்பாள். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று, வாயைக் கட்டத் தெரியாத கழுதை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். ஒற்றை மகளை அனுப்ப நாகராசுக்கு மனசில்லை, அதனால்தான் தீனி போட்டே வீட்டில் இருத்தி வைக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வீம்பு வந்துவிட்டது அவளுக்கு. பொட்டலம் வந்த நாட்களில் அதைப் பூனைக்கு வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினாள். மதியத்துக்குக் கடையிலேயே வேகவைத்த பயறைத் தின்றாள். கிராம் கிராமாக, சில வாரம் அதுவும் இல்லாமல், எடை நகர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தராசு எழுபத்தேழே முக்கால் காட்டியது. அவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை இல்லை. ஐயனாரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டாள். ஃபெமினா அக்கா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள்.

பூ வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினாள். அடுப்படி வாசலில் கால் நின்றுவிட்டது. அவளுடைய கொள்ளுக் கஞ்சியில் அப்பா நெய்யை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். உருக்கிய நெய், ரெண்டு கரண்டி நிறைய. நெய் கலந்ததே தெரியாதபடி, பொறுமையாக, வெகுநாள் பழகிய கை போலக் கலக்கினார்.

அவள் உள்ளே வந்தாள்.

“எறங்கிருச்சுப்பா. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க.”

அப்பாவின் கை நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒன் கிட்னிய எடுத்து எனக்கு வைக்க வேணாம் ஆத்தா. சாப்பிடு.”