மூன்று சலாம்

சர்க்கஸிலிருந்து காப்பகத்துக்கு வந்த சிம்பன்சி ரோஜிக்கு ஒரே கவலை. சலாம் போடாவிட்டால் சாப்பாடு கிடைக்குமா? அதனால் காலையில் காப்பாளர் எஸ்தரம்மா பழவாளியோடு வந்ததும், தோள் வீங்கியிருந்தும் கையைத் தூக்கி மூன்று சலாம் வைத்துவிடுவாள்.

"யாருக்குடி இந்த மரியாதை? வாளிக்கா?" என்று பக்கத்துக் கூண்டுச் சிம்பன்சி சொர்ணம் கேலி செய்தாள்.

"உங்களுக்கென்னக்கா, இங்கேயே வளர்ந்தவங்க. அங்கே ஒரு சலாம் தப்பினா ஒரு நாள் பட்டினி."

ஒரு நாள் தோள் அசையவே இல்லை. போச்சு, இன்றைக்குப் பட்டினிதான் என்று ரோஜி மூலையில் சுருண்டுகொண்டாள். எஸ்தரம்மா வழக்கம்போல் கூண்டைக் கழுவினார், புது வைக்கோல் தள்ளினார். பிறகு அந்த மூலைக்கே வந்து, கம்பி வழியாகக் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தார். கஞ்சியில் மருந்து கசந்தது. ரோஜி மிச்சம் வைக்காமல் வழித்துக் குடித்தாள்.

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வாளிச் சத்தம் கேட்டதும் ரோஜியின் கை மேலே போனது.

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் சொர்ணம்.

"இல்லக்கா, தலை அரிக்குது" என்று சொறிந்துகொண்டே, மறு கையைப் பழத்துக்கு நீட்டினாள் ரோஜி.