பூட்டு சாரின் அலமாரி

"சார், எனக்கு ஒரே ஒரு மைக்ராஸ்கோப் போதும். அதுக்கு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

அறிவியல் டீச்சர் கேட்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை, அலமாரிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். அடுத்த தடவை, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார். இப்போது?

"பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு டீச்சர். எண்ணெய் விட்டிருக்கேன். ஊறட்டும்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வகப் பொறுப்பாளருக்குப் 'பூட்டு சார்' என்று பிள்ளைகள் சும்மாவா பேர் வைத்தார்கள்? ஆய்வகத்தில் எதைக் கேட்டாலும் "உடைஞ்சா யார் பொறுப்பு?" என்பதுதான் பதில். இத்தனைக்கும் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயசு. புத்தி மட்டும் ஏன் இப்படிப் போச்சோ!

நாளைக்கு மேலிடத்து அதிகாரி வருகிறார். 'மனப்பாடம் வேண்டாம், பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்கட்டும்' என்று டீச்சர் ராவும் பகலுமாக எழுதிய புதுப் பாடத்திட்டம். அதை எட்டாம் வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். அதிகாரிக்குப் பிடித்தால் எல்லா வகுப்புக்கும் அனுமதி. பிடிக்காவிட்டால் பழையபடி போர்டில் கேள்வி பதில் எழுதிப் போட வேண்டியதுதான்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பினதும், டீச்சர் ஆபீஸில் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். பூட்டு சட்டென்று திறந்துகொண்டது. துருவாவது, மண்ணாவது!

ஆனால் அலமாரி காலி. பத்து மைக்ராஸ்கோப்பில் பேருக்கு ஒன்றுகூட இல்லை.

"அடப்பாவி மனுஷா! வித்துட்டாரா?"

உடனே அதிகாரிக்குப் போன் போட்டார். "சார், எங்க ஆய்வகப் பொறுப்பாளரை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுங்க. காரணத்தை நாளைக்கு நேர்லயே காட்டுறேன்."

"ஆகட்டும்மா, வர்றேன்."

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து ஆய்வக ஜன்னலோரம் நின்றுகொண்டார் டீச்சர்.

உள்ளே பூட்டு சார். பின்வாசல் வழியாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு துணிப்பை. பையைப் பிரித்தால், உள்ளே துண்டில் சுற்றின மைக்ராஸ்கோப்!

"சார், எங்கப்பா மீசை முடியை வச்சுப் பார்த்தோம். உத்திரம் மாதிரி இருக்கு!"

"சார், இவ தலையிலேர்ந்து ஒரு பேனை எடுத்து வச்சோம். கால் பூரா கொக்கி! இப்ப இவளே சீப்பைத் தேடி ஓடுறா."

ஒரு பெண்ணோடு அவள் அம்மாவும் வந்திருந்தார். "இன்னும் ஒரு நாள் கொடுங்க சார். எங்க மாமியார் அதுலேர்ந்து கண்ணையே எடுக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டு நாளா வீட்டுல சண்டையே இல்ல!"

திரும்பிப் பார்த்த பூட்டு சார், ஜன்னலில் டீச்சரைக் கண்டதும் அசடு வழிந்தார்.

"வகுப்புல ஆளுக்கு அரை நிமிஷம்கூடக் கிடைக்க மாட்டேங்குது டீச்சர். அதான் முறை வச்சு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புறேன். ஆய்வகச் சாமான் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு விதி. தெரிஞ்சா என் வேலைக்கே உலை. நீங்க கேட்டப்பல்லாம் ஒண்ணுகூட உள்ளே இல்ல. என்னத்தைச் சொல்ல, வாயில வந்ததைச் சொன்னேன்."

டீச்சர் ஜன்னலை விட்டு நகர்ந்து உள்ளே வரப் போனார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

வகுப்பில் பெரிய திரை, புரொஜெக்டர். ஒரே ஒரு மைக்ராஸ்கோப், அதன் தலையில் கேமரா. அடியில் வெங்காயத் தோல்.

"யாரும் எழுந்திருக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. திரையை மட்டும் பாருங்க," என்று தன் பாடத்திட்டத்தில் எழுதியபடியே ஆரம்பித்தார் டீச்சர்.

திரையில் வெறும் மூட்டம். டீச்சர் ஒரு சக்கரத்தைத் திருகினார். இருந்த மூட்டமும் போய் இருட்டானது. கேமரா மாட்டப் பயிற்சி எடுத்தாரே தவிர, மைக்ராஸ்கோப்பைக் கையால் தொட்டு எத்தனை காலமாச்சோ! இன்னொரு தடவை திருகினார்; அதே இருட்டு.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். "மிஸ், பெரிய சக்கரம் வேண்டாம். சின்னதைப் பிடிச்சு, செல்லமா, இப்படி..."

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக செல்கள் பளிச்சென்று வந்து நின்றன.

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அட! யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

பெண் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே நின்றிருந்த பூட்டு சார் முந்திக்கொண்டார். "வேற யாரு சார்? எங்க டீச்சர்தான்! உடைஞ்சிடும், உடைஞ்சிடும்னு நான் கத்தினேன். இவங்கதான் என்கூடச் சண்டை போட்டுப் பிள்ளைங்க கையில வாங்கிக் கொடுத்தாங்க."

அதிகாரிக்கு ஏகக் குஷி. "பிரமாதம்! உங்க பாடத்திட்டத்துக்கு அனுமதி கொடுத்தாச்சு டீச்சர். நேத்து போன்ல சொன்னது இவரைத்தானே? இன்னைக்கே மாத்தல் உத்தரவு போட்டுடட்டுமா?"

பூட்டு சார் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"தாராளமா போடுங்க சார். ஆனா அவர் போற பள்ளிக்கூடத்துல, எட்டாம் வகுப்புப் பெஞ்சுல எனக்கும் ஒரு இடம் சேர்த்துப் போட்டுடுங்க."