அவள் கத்துவதை நிறுத்தினாள்

விரிவுரை மேசையின் மேல் டாக்டர் வடிவம்மாள் ஏறிப் படுத்ததும், முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலடியில் கிடந்த போர்வையை இடுப்புவரை இழுத்து மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் டாக்டர் இல்லை. சுங்கை பாக்காப்புல கரும்புத் தோட்டத்து வேலைக்காரி. நிறைமாசம். மருத்துவச்சிங்க நீங்கதான். கேட்டாத்தான் சொல்வேன்."

"அங்கே கரும்பு ஏது லா? எல்லாம் இப்போ ரப்பராச்சே" என்று ஜெலுத்தோங்கிலிருந்து வரும் ரொஸ்னா பக்கத்திலிருந்தவளின் காதில் கிசுகிசுத்தாள்.

ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நடந்த மருத்துவச்சிப் பயிற்சி வகுப்பு அது. மதராஸில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா வாரம் ஒரு மத்தியானம் விரிவுரை செய்வார். சோறு தின்றுவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்குக் கண் சொக்கும். கேள்வி கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். போன வாரம், பிள்ளைபெற்றவளுக்கு உதிரம் நிற்காவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவர் அவர்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்று புத்தகத்தைக் கொண்டுவரவே இல்லை.

முதலில் முனகினார். யாரும் அசையவில்லை. பிறகு அந்தக் கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏண்டி, வேடிக்கை பாக்கவா வந்தீங்க? இடுப்பு ஒடியுது!"

ரொஸ்னா பதறிப்போய்க் கை கழுவ ஓடினாள். இன்னொருத்தி, வலி எப்போது தொடங்கியது என்று கேட்டாள். கத்தரிக்கோலை முதலில் கொதிக்க வைப்பதா, வெந்நீருக்கு முதலில் ஆள் அனுப்புவதா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். வகுப்பில் ஒருத்திக்கும் தூக்கம் இல்லை. கேட்டதற்கெல்லாம் டாக்டரம்மா தோட்டத்துக்காரியாகவே பதில் சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை.

கடைசியில், போர்வைக்குள்ளிருந்து துண்டால் சுருட்டிய பிள்ளை ஒன்று பிறந்தது.

ரொஸ்னா அதை உயரத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தொப்புள் கொடியைக் கட்டினார்கள், துடைத்தார்கள், பெண் பிள்ளை என்று முடிவு செய்தார்கள். பெயர் வைப்பதில் பெரிய சிரிப்பு எழுந்தது.

சித்தி ஹாஜரா மட்டும் பின்வரிசையிலேயே நின்றிருந்தாள்.

புருஷன் மௌத்தான பிறகு, வீட்டார் பேச்சைத் தாண்டிப் படிக்க வந்தவள் அவள். தப்பாக எதையாவது சொல்லி இந்த இடமும் போய்விடுமோ என்ற பயத்தில் வகுப்பில் ஒருநாளும் தனியாக வாய் திறந்ததில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இவ்வளவு நேரம் கத்திய குரல் எங்கே?

மேசையருகே போனாள். டாக்டரம்மாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. ஒரு கை மேசைக்கு வெளியே தொங்கியது.

"அக்கா, என்ன செய்யுது?"

டாக்டரம்மாவை அக்கா என்று கூப்பிட்டதை ஹாஜரா கவனிக்கவில்லை.

"குளிருது" என்றார் அவர், உதடு மட்டும் அசைய.

ஹாஜரா போர்வையை விலக்கினாள். அடியில் டாக்டரம்மா ஒளித்து வைத்திருந்த சிவப்புத் துணி மேசையின் ஓரம்வரை விரிந்து கிடந்தது.

துணிதான் என்று தெரியும். இருந்தும் அவள் திரும்பிக் கத்தினாள்.

"ரொஸ்னா! பிள்ளையைக் கொண்டாந்து தாய் மார்ல விடு! யாராச்சும் டாக்டரைக் கூட்டியாங்க, ஓடுங்க!"

அது ஹாஜராவின் குரல் என்று புரிந்துகொள்ளவே மற்றவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவள் டாக்டரம்மாவின் அடிவயிற்றில் கையை வைத்து வட்டமாக அழுத்தித் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். ஒருத்தி நிஜமாகவே கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் ஓடினாள். ரொஸ்னா துண்டுப் பிள்ளையை டாக்டரம்மாவின் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. அழுத்தம் கூடிவிட்டது என்று ஹாஜரா கையைத் தளர்த்தினாள்.

"நிறுத்தாதே" என்றார் டாக்டரம்மா.

அவள் நிறுத்தவில்லை. நெற்றி வேர்த்து, முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

"கர்ப்பப்பை இறுகிடுச்சும்மா. போதும். பிழைச்சுட்டா" என்றார் டாக்டரம்மா.

வகுப்பே கை தட்டியது. டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்தார். ஹாஜராவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். உடனே விடவில்லை.

"நெசமாவே அந்தத் தோட்டத்துல இப்படி நடந்துச்சா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் ரொஸ்னா.

"நடந்துச்சு."

"அந்தம்மா பிழைச்சாங்களா?"

"இல்லை. எல்லாரும் பிள்ளையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவ கத்துறதை நிறுத்தினது யார் காதுலயும் விழல."

இந்தத் தடவை ஹாஜரா கேட்டாள்.

"பிள்ளை என்னாச்சு?"

டாக்டரம்மா கலைந்திருந்த கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல. வளர்ந்து மதராஸுக்குப் போய்ப் படிச்சுது."

ரொஸ்னா துண்டுப் பிள்ளையைத் திரும்பப் போர்வைக்குள் வைத்தாள்.

"சரி, இன்னொரு தடவை. இப்போ ரொஸ்னா தாய்கிட்டப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா மறுபடியும் மேசையில் படுத்துக்கொண்டார்.